துரை கோட்டின் உள்பக்கம்

பெங்களூர் மர்பி டவுனில் என் கணவர் துரைமார்களுக்குக் கோட்டு தைத்தார். துணி வெட்டுவதும் மிஷின் ஓட்டுவதும் அவர். காஜா எடுப்பதும் லைனிங் வைத்து மூடுவதும் நான். கோட்டைக் கடைசியில் மூடுகிறவள் நான்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளைக்காரனை வெளியே போகச் சொன்ன ஊர்வலத்தில் என் அண்ணனுக்குத் தடியடி பட்டு ஒரு காது போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு நான் எந்த ஊர்வலத்துக்குப் போவது? அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு கோட்டிலும், முதுகுப் பக்கம், லைனிங்குக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மூவர்ணக் கொடியைத் தைத்து மூடினேன். துரைமார்கள் பரேடு மைதானத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்போது நம் கொடி அவர்கள் முதுகில் சவாரி போகும். அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரிப்பேன்.

நாற்பத்தேழில், சுதந்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு துரை சீமைக்குக் கிளம்பினார். உடம்பு பெருத்துவிட்டதால் பழைய கோட்டைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லி அனுப்பினார். லைனிங்கைப் பிரித்த என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி இது?"

"கொடி."

"இன்னும் எத்தினி கோட்டுல கீது?"

"எல்லாத்துலயும்."

மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பேஜார் பண்ணிட்டியே! அவங்க இன்னும் போவல. தெரிஞ்சா என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க."

"கொடியைப் பிரிச்சீங்கன்னா சோறு கெடையாது" என்றேன்.

"போடி" என்றவர், முதல்முறையாக லைனிங்கைத் தானே மூட உட்கார்ந்தார்.

மறுநாள் துரை வந்து போட்டுப் பார்த்தார். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பியதும், இருபது வருஷமாகத் துரைமார் முன்னால் கூனி நின்ற என் கணவர், அந்த முதுகைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கண்ணாடியில் அதைக் கண்ட துரை மகிழ்ந்துபோய்ப் பதில் சல்யூட் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடையைக் கூட்டும்போது வெட்டுத்துணிகளுக்கு நடுவே என் குட்டிக் கொடி கிடந்தது. அன்று மத்தியானம் நான் தட்டே வைக்கவில்லை. "கொடியைப் பிரிச்சிட்டு, தொரைக்கு சல்யூட்டு வேறயா!"

அவரே பானையைத் திறந்து போட்டுக்கொண்டார்.

"பிரிச்சேன்தான். உன் தையல் கோணல். அதோட சீமைக்குப் போனா என் தொழிலுக்குத்தான் அசிங்கம்." ஒரு வாய் சாப்பிட்டார். "உள்ளங்கை அகலத்துக்கு வேற ஒண்ணு தச்சு வெச்சிருக்கேன்."