சமையல் தாளில் இல்லாத பெயர்

எண்பத்தாறில் கனடாவின் ரொறன்ரோப் பக்கம், வோபர்னில் ஓர் அபார்ட்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், மூவரும் அகதி வழக்குக்குக் காத்திருந்தவர்கள், மூவருக்கும் சோறு தின்னாமல் நித்திரை வராது. பிரிட்ஜ் கதவில் யார் எந்த நாள் சமைப்பது என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. எழுதியவன் நான். வயதில் மூத்தவன் என்பதால் அந்த வீட்டில் சட்டம் போடுவதும் என் வேலையாகிவிட்டது.

தை மாதக் குளிரில் நாலாவது ஆளாக ஒருவர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், பக்டரி ஒன்றில் வேலை. அவர் பெட்டியைக் கீழே வைக்கமுதலே, "ஊரிலை எவடம்?" என்று கேட்டேன். ஊரைச் சொன்னார். என் ஊர்தான். "எந்தப் பக்கம்?" என்றேன். கோயிலுக்குத் தெற்கே, வயல்கரைப் பக்கம் என்றார். எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு கேள்வியே போதும். என்ன சாதி என்று நேராகக் கேட்பது மரியாதை இல்லை. சுற்றி வளைத்துக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் மரியாதை!

அன்று பின்னேரமே சொல்லிவிட்டேன். "தம்பி, நீர் பக்டரியிலை நாள் முழுக்க நிண்டு களைச்சு வாறீர். சமையலை நாங்கள் பாக்கிறம். நீர் கோப்பை சட்டியைக் கழுவினால் காணும்."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலச் சொல்லிவிட்டேன் என்று உள்ளூர ஒரு பெருமை. அவர் "ஓம் அண்ணை" என்றார். தாளில் அவர் பெயர் ஏறவில்லை.

அடுத்த மாதம் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிரண்டபோது, பஸ் தரிப்பிலிருந்து வீடு வரை என்னைத் தாங்கி வந்தவர் அவர்தான். அவர் தோளில் தொங்கலாம், அவர் கையால் சோறு தின்னக்கூடாது. அது எனக்கு அப்போது விசித்திரமாகவே படவில்லை. மற்ற இருவரும் காட்ஸ் விளையாட்டோடு சரி. நான் மனம்விட்டுக் கதைத்தது இவரோடு மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் இரண்டு பேருமாக ஒரு தேவாலயத்தின் நிலவறைக்கு ஆங்கிலம் படிக்கப் போவோம். படிப்பித்தவர் என் வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண். கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை அவர் தன் பூட்டனின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் அடிமையாக இருந்து இந்த நகரத்துக்குத் தப்பி வந்தவராம். அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் இங்கே கூட்டம் போட்டு அவரை மேடையில் ஏற்றினார்களாம். அவர் பட்டதைக் கேட்டுச் சபை முழுக்க அழுததாம். கூட்டம் முடிந்து ஒரு பெரிய வீட்டில் விருந்து. மற்றவர்களுக்கு மேசையில், அவருக்குக் குசினி அடுப்படியில்.

"எல்லாரும் அப்படியில்லை. சிலர் உயிரையே பணயம் வைத்தார்கள்," என்றார் அந்தப் பெண். "ஆனால் அடிமைத்தனத்தை வெறுப்பது லேசு. அடிமையாக இருந்தவனோடு ஒரே மேசையில் சாப்பிடுவதுதான் கஷ்டம்."

பிறகு, உங்கள் ஊர்களில் இப்படிப் போராடியவர்கள் உண்டா என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எழும்பினேன். உள்ளே விடமாட்டோம் என்று பூட்டிய கோயில் கதவுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஆட்கள் குந்தியிருந்ததையும், பொல்லடி விழுந்தும் அவர்கள் எழும்பாததையும், கடைசியில் கதவு திறந்ததையும் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். வகுப்பு கைதட்டியது.

பக்கத்தில் இருந்தவர் தட்டவில்லை. நான் திரும்ப உட்கார்ந்ததும் மெல்லச் சொன்னார். "அண்ணை, அண்டைக்கு வாசல்லை இருந்தது என்ரை அப்பா. கதவுக்கு உள்ளை நிண்டது உங்கடை ஆக்கள். அதையும் சொல்லியிருக்கலாம்."

உண்மைதான். அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவர்களில் நானும் ஒருவன். படிக்கிறது இராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அது நான்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நாளைக்கு நீர் சமையுமன்," என்றேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சமைக்கிறன். மாச முடிவிலை வீடு மாறி அஜக்ஸுக்குப் போவமோ எண்டும் யோசிக்கிறன் அண்ணை."

அவர் போய்விடக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே என் பெயரை வெட்டிவிட்டு அவர் பெயரை எழுதினேன்.

ஞாயிறு மத்தியானம் மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். எனக்குப் போட்டுத் தந்துவிட்டு எதிரே இருந்தார். நான் பிசைந்து எடுத்தேன். கை வாய்க்குக் கிட்ட வந்து நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. ஒரு கணம்தான். நிமிர்ந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன். இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினேன். குழம்பு நல்லாயிருக்கு என்று மூன்று தரம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

"கோப்பையளை இண்டைக்கு நீங்கள் கழுவுங்கோ அண்ணை," என்றார்.

கழுவினேன். மாத முடிவில் அவர் அஜக்ஸுக்குப் போய்விட்டார். தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அவர் பெயர் இருந்தது. ஐந்து மாதம் பிந்தி எழுதிய பெயர். அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.