தவராஜா குறித்துக் கொடுத்த நாள்

தவராஜா அண்ணனுக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்திரண்டு வருடங்களை அவர் பூஜ்யத்துக்குக் கீழே கழித்திருக்கிறார்.

டென்மார்க்கில், பிராண்டே நகரத்திலிருந்து காரில் இருபத்துநாலு நிமிடத் தூரத்தில் ஒரு சிறிய ஊர். அந்த ஊரின் ஐஸ் ஹாலில் அவருக்கு வேலை. ஸ்கேட்டிங் பிள்ளைகள் கீறிப் போட்ட பனித்தரையை, ஒரு குட்டி லாரி மாதிரி இருக்கும் ஐஸ் மெஷினில் ஏறி உட்கார்ந்து, மேலாகச் சீவி, சுடுதண்ணீர் விட்டு, மறுபடி கண்ணாடியாக்கித் தருவது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. மெஷினை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் ஓய்வு பெற்ற டேனிஷ்காரர். குளிர்காலம் வந்தால் அவர் ஸ்பெயினின் தீவு ஒன்றுக்குப் போய்விடுவார். குளிர்காலத்தில் மட்டும்தான் அவர் தேவைப்படுவார் என்பது வேறு விஷயம்.

என் மகள் ஹரிப்ரியா அங்கே ஸ்கேட்டிங் பழகுகிறாள். நான் எப்போதும் நாற்பது நிமிடம் முன்னதாகவே அவளைக் கொண்டுவந்து விட்டுவிடுவேன். இந்த நாட்டில் தாமதமாகப் போனால் யாரோ எங்கேயோ குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை விசா புதுப்பிக்கும்போது கேட்பார்கள் என்று எனக்கு ஒரு பயம். அந்த நாற்பது நிமிடங்களில்தான் அவர் எனக்குப் பழக்கமானார்.

மெஷின் அறையில், கம்ப்ரெசருக்குப் பக்கத்தில், அவர் ஒரு தமிழ் நாட்காட்டி மாட்டியிருந்தார். தினம் ஒரு தாளாகக் கிழிப்பது. ஆகஸ்டில் முதன்முதலாக ஐஸ் பிடிக்க வைக்கும் நாளை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒரு வருடம் ஸ்கேட்டிங் கிளப்பின் நிர்வாகக் குழு அவசரப்படுத்தி, அஷ்டமியன்று கம்ப்ரெசரைப் போட வைத்தது. மூன்றாம் நாள் குழாய் வெடித்தது. அதன்பிறகு கிளப் தலைவி மாக்கிரட் அந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. அவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். "எனக்கு நட்சத்திரங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடத் தரவில் நம்பிக்கை உண்டு" என்பார்.

தவராஜாவுக்கு ஒரே அக்கா, தவமணி. பிராண்டேயில் முதியோர் இல்லத்தில் வேலை. இருபது வருடத்துக்கு முன் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது, தாலி கட்டி முடிந்த கையோடு ஹாலிலிருந்து தவராஜாவுக்குப் போன் வந்தது. ஐஸ் உருகுகிறது. அவர் குரூப் போட்டோவுக்கு நின்ற இடத்திலிருந்து அப்படியே ஓடினார். அந்தக் கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பக்கத்தில், தவராஜாவின் வலது கை மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தவமணி அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு அந்தக் கையைக் காட்டுவார். நானும் பார்த்திருக்கிறேன். நல்ல கைதான்.

போன அக்டோபரில் கிழக்குக் கரையில் பெரும் புயலடித்தது. கடல் ஊருக்குள் வந்தது. அதில் எத்தனையோ நனைந்தன. இந்தக் கதைக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, நவம்பரில் வட ஐரோப்பிய நாடுகளின் ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடக்கவிருந்த பெரிய ஐஸ் ஹால். இன்னொன்று, அதே நவம்பரில் தவமணி அக்காவின் ஒரே மகள் தனுசியாவின் சாமத்திய வீடு, அதாவது மஞ்சள் நீராட்டு விழா, நடக்கவிருந்த மண்டபம். முதலாவதில் ஐந்து நாட்டு வீரர்கள். இரண்டாவதில் முந்நூறு விருந்தாளிகள். இரண்டையும் தள்ளிவைத்தார்கள்.

ஸ்கேட்டிங் சங்கம் வேறு ஹால் தேடியபோது மாக்கிரட் கையைத் தூக்கினார். எங்கள் ஹால் சின்னது, ஆனால் தரை சரியான அளவு. சங்கம் மூன்று சனிக்கிழமைகளைக் கொடுத்து, ஒன்றைச் சொல்லச் சொன்னது. மாக்கிரட் தாளோடு மெஷின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன், வழக்கம்போல நாற்பது நிமிடம் முன்னதாக. பேச்சு டேனிஷில்தான் நடந்தது. ஆனால் தவராஜா டேனிஷ் பேசினாலும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவது போலவே எனக்குக் கேட்கும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"டிசம்பர் மூன்றாவது சனி?" என்றார் மாக்கிரட்.

"மார்கழி. ஏலாது."

"புரிகிறது, கிறிஸ்துமஸ். அப்படியென்றால் ஜனவரி இரண்டாவது சனி?"

"அதுவும் ஏலாது."

"ஜனவரியிலுமா உங்களுக்குக் கிறிஸ்துமஸ்?"

"முடிய இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு."

மாக்கிரட் மூன்றாவது தேதியைக் காட்டினார். பெப்ரவரி முதல் சனி. தவராஜா, நாட்காட்டியோடு இலவசமாகக் கிடைத்த பஞ்சாங்கப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. தை மாதம், வளர்பிறை, நல்ல யோகம். ஒரு குறையும் இல்லை. "இதைப் போடுங்கோ. இதைப்போல நாள் அந்த மாசத்திலயே இல்லை."

மாக்கிரட் அங்கேயே நின்று சங்கத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். ஐந்து நாடுகளுக்கும் மின்னஞ்சல் பறந்தது.

தவராஜா செய்த தவறு என்னவென்று இருபது நிமிடம் கழித்து, போன் அடித்தபோது தெரிந்தது. டென்மார்க்கில் தமிழர்கள் எந்த விசேஷத்தையும் சனிக்கிழமைதான் வைக்க முடியும். மார்கழியும் போனால் நல்ல சனிக்கிழமை என்று மிஞ்சுவதே ஒன்றோ இரண்டோ. அந்த மாதத்திலேயே சிறந்த நாள் என்றால், அது ஐஸுக்கு மட்டும் சிறந்த நாளாக இருக்காது.

"டேய், நாள் கிடைச்சிட்டுது" என்றார் தவமணி அக்கா. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "ஐயர் ஒண்டே ஒண்டுதான் தந்தவர். பெப்ரவரி முதல் சனி. பிராண்டேயில மண்டபமும் பிடிச்சாச்சு."

"அக்கா, அண்டைக்கு எனக்கு..."

"என்ன, ஐஸோ?"

தவராஜா நாட்காட்டியைப் பார்த்தார்.

"உன்ர கை மட்டும் இருக்கிற ஆல்பம் எனக்கு ஒண்டு போதும். தாய்மாமன் நீ வந்து தேங்காய் உடைக்காட்டில் நான் அவளுக்குத் தண்ணி வார்க்கப்போறேல்லை. பிறகு எனக்கொரு தம்பி இருக்கிறான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லவும் போறேல்லை. வைக்கிறன்."

வைத்தேவிட்டார். தவராஜா மெஷினின் படியில் உட்கார்ந்தார். "இது சும்மா வெருட்டில்லை தம்பி. அக்கா ஒருக்கா மச்சாளோட கதைக்கிறேல்லை எண்டு சொன்னவா. பதினொரு வருசம் கதைக்கேல்லை. மச்சாள் அடுத்த வீட்டில இருந்தவா."

மறுநாள் மாக்கிரட்டிடம் போய், அக்கா சொன்னதையெல்லாம் சொன்னார். தேதியை மாற்ற முடியாது என்று அவருக்கே தெரியும். "நான் அவளுக்கு மோர்ப்ரோர்" என்றார். டேனிஷில் தாய்மாமனுக்கென்று தனியாக ஒரு சொல் இருப்பது நல்லதாகப் போயிற்று. ஆங்கிலமாக இருந்தால் அங்கேயே அரை மணி நேரம் போயிருக்கும்.

"ஒரு தேங்காயை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் மாக்கிரட்.

"ரெண்டு செக்கன்."

"அதற்கு முன்னால்?"

"மூண்டு மணித்தியாலம்."

மாக்கிரட் நிகழ்ச்சி நிரலை எடுத்து, விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். நடுவர்களின் மதியச் சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து ஒன்றேகால் வரை. டென்மார்க்கில் கடல் இரண்டாவது முறை உள்ளே வந்தாலும் அந்த நேரம் மாறாது. "ஒரு மணிக்கு மெஷின் தரையில் இருக்க வேண்டும்" என்றார்.

தவராஜா கணக்குப் போட்டார். "கார்ட்டில ஒன்பது மணி எண்டு அடிப்பினம். எங்கட ஆக்கள் பதினொண்டரைக்கு வருவினம். பிள்ளைக்கு மேக்கப் முடியப் பன்னிரண்டு. நல்ல நேரம் பன்னிரண்டு நாப்பத்தெட்டு வரைக்கும் கிடக்கு. நான் பன்னிரண்டு இருபத்தாறுக்கு நிப்பன்."

"எல்லாரும் லேட்டா வருவாங்கன்னு எப்படிண்ணா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு விழா சொன்ன நேரத்துக்குத் துவங்கி நான் பாக்கேல்லை தம்பி. நீர் காரை மட்டும் ஓட்டும். நான் உள்ளுக்கிருந்து வேட்டி மாத்தவேணும்."

தேங்காயை மறந்துவிடக் கூடாது என்பது அவருக்குப் பெரிய கவலை. அதனால் புதன்கிழமையே ஒன்றை வாங்கி, ஒருக்காலும் தன் கண்ணிலிருந்து தப்பாத இடத்தில் வைத்தார். மெஷின் சீவிய பனியைக் கொண்டுபோய்க் கொட்டும் குவியல், ஹாலுக்குப் பின்னால். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் தேங்காய் அவரைப் பார்க்கும், அவர் தேங்காயைப் பார்ப்பார். அந்த வாரம் வெளியே மைனஸ் ஒன்பது.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவர் மனைவி மண்டபத்திலிருந்து போன் செய்தார். "எல்லாரும் வந்திட்டினம்."

"ஆர் எல்லாரும்?"

"முந்நூறு பேரும். பிள்ளைக்கு மேக்கப்பும் முடிஞ்சுது."

தவமணி அக்கா முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக நிமிடம் தவறாமல் மாத்திரை கொடுப்பவர் என்பதைத் தவராஜா கணக்கில் சேர்க்கவில்லை. மண்டபத்தை மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, அக்கா முந்நூறு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, ஒன்பதுக்கு மேல் வந்தால் கதவு பூட்டு என்று சொல்லியிருந்தார்.

தவராஜா என்னைப் பார்த்தார். "அப்ப இண்டைக்கு நான் போக முன்னமே முடிஞ்சிடும். தேங்காயை வேற ஆராவது உடைப்பினம்." சொல்லிவிட்டு மெஷினில் ஏறினார். அந்தச் சுற்றில் அவர் செய்த ஐஸைப் போல நேர்த்தியான ஐஸை நான் பார்த்ததில்லை. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு, "போய் என்ன பிரயோசனம்" என்றார். சொல்லிக்கொண்டே தேங்காயைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

எண்பது கிலோமீட்டர் சாலையில் நான் எழுபத்தொன்பதில் ஓட்டினேன்.

"தம்பி, கொஞ்சம் மிதியும்."

"கேமரா இருக்கும்ண்ணா."

"இந்த ரோட்டில மாடுதான் இருக்கு."

"போன வருஷம்தான் பெர்மனென்ட் ரெசிடென்சுக்கு அப்ளை பண்ணியிருக்கேன்ண்ணா."

ஒரு டிராக்டர் எங்களை முந்தப் பார்த்தது. பக்கத்து சீட்டில் அவர் கால்சட்டையைக் கழற்றிப் பட்டு வேட்டி உடுத்திக்கொண்டிருந்ததால், டிராக்டர்காரர் முந்தாமல் சிறிது நேரம் கூடவே வந்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. முந்நூறு பேரும் நாற்காலியில் அப்படியே இருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு, ஐயர், தலைகுனிந்து தனுசியா. தண்ணீர்க் குடம் தளும்பாமல் நின்றது. வாசலில் தவமணி அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

"பன்னிரண்டு இருபத்தேழு" என்றார். "காலமை ஒன்பது மணியில இருந்து சனம் வடையைப் பாத்துக்கொண்டிருக்குது. ஐயர் ரெண்டு தரம் எழும்பினவர். ரெண்டு தரமும் நான் இருத்தினனான்."

"நீங்கள் துவங்கியிருப்பியள் எண்டு நினைச்சன்."

"தாய்மாமன் இல்லாமல் என்னத்தைத் துவங்கிறது? கதையாமல் ஏறு."

தனுசியா நிமிர்ந்து, டேனிஷில், தனக்குப் பசிக்கிறது என்றாள்.

தவராஜா தலைப்பாகை கட்டி, தேங்காயை ஏந்தி, கும்பிட்டு, ஒரே அடி. தேங்காய் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை. நடுவிலிருந்து ஒரு எலுமிச்சங்காய் அளவில் வெள்ளை உருண்டை ஒன்று கழன்று விழுந்து, மேடையில் உருண்டு, ஐயரின் பாதத்தில் முட்டி நின்றது. ஐயர் காலை இழுத்துக்கொண்டார்.

தவமணி அக்கா உருண்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயும் உன்ர ஐஸா?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தவர் ஐயர். "சரிபாதியாய் உடைஞ்சிருக்கு, நல்ல சகுனம், தண்ணியை வாருங்கோ" என்று அவசரமாகச் சொன்னார். அவருக்கும் பசி. தவராஜா மருமகளின் தலையில் பாலில் நனைத்த அறுகம்புல் வைத்தார். படப்பிடிப்புக்காரர் கேமராவைத் தூக்கியதும் அக்கா தம்பியின் தோளைப் பிடித்தார். "கை எங்களிட்டை இருக்கு. முகத்தை எடும்."

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குக் கிளம்பினோம். சாப்பிடவில்லை. நான் எண்பத்திரண்டில் ஓட்டினேன். அதை இங்கே எழுதுவது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். உடுப்பு மாற்ற நேரமில்லை. பட்டு வேட்டி, தலைப்பாகை, நெற்றியில் சந்தனம், காலில் பனி பூட்ஸ். அந்தக் கோலத்தில் தவராஜா மெஷினைத் தரையில் இறக்கினார். ஐந்து நாட்டுக்காரர்களும் எழுந்து கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் பேசியவர், இது இந்தப் பகுதியின் பாரம்பரிய உடை என்று ஊகித்துச் சொன்னார். மாக்கிரட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து நிமிடம் தாமதம்" என்றார். பிறகு, "உடைந்ததா?" என்று கேட்டார்.

மாலை ஐந்து மணிக்குப் பரிசளிப்பு. அதற்கு முன் கடைசிச் சுற்று. அப்போது கதவைத் திறந்துகொண்டு தவமணி அக்கா உள்ளே வந்தார். பட்டுச் சேலைக்கு மேல் குளிரங்கி, கையில் மூன்று சாப்பாட்டுப் பெட்டி. பின்னால் தனுசியா, நெற்றிச்சுட்டிக்கு மேலே கம்பளித் தொப்பி. இருபத்திரண்டு வருடத்தில் அக்கா அந்த ஹாலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் உட்கார்ந்து, தம்பி மெஷினில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தார். கீறல் விழுந்த தரை ஒவ்வொரு பட்டையாகக் கண்ணாடியாகி, மேலேயிருந்த விளக்குகள் அதில் வரிசையாக வந்து விழுந்தன.

தவராஜா இறங்கி வந்தார். அக்கா பெட்டியைத் திறந்து ஒரு வடையை அவர் கையில் வைத்தார்.

"இதைத்தானோ இவ்வளவு காலமும் செய்யிறாய்?"

"ஓம்."

அக்கா மறுபடி தரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் கரை மூலையில ஒரு கோடு விட்டிட்டாய்."

தவராஜா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருந்தது. அவர் கடித்த வடையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெஷினில் ஏறினார்.