இளஞ்சிவப்பில் கொஞ்சம் தண்ணீர்

என் மனைவியின் தம்பிக்கு விவாகரத்தில் மிஞ்சியவை ஒரு பழைய மோட்டார் படகும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளும். அந்தச் சனிக்கிழமைகளில் அவனுடைய பதின்மூன்று வயது மகள் வருவாள். அப்பாவைப் பார்க்க அல்ல, படகில் போக. அது அவனுக்கும் தெரியும்.

நியூஜெர்சிக் குளிர் இறங்குமுன் படகு எஞ்சினிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை உள்ளே ஏற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டால் வாளியிலிருந்து அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பின்பக்கம் இளஞ்சிவப்பு வழிந்தால் வேலை முடிந்தது. உள்ளே தண்ணீர் தங்கினால் உறைந்து, இரும்பைப் பிளந்துவிடும்.

நவம்பரில் ஒரு மதியம், அவன் வீட்டு வாசலில் டிரெய்லர்மேல் படகு. அவன் மேலே சாவியருகில், நான் கீழே வாளியருகில். இருபது வருடங்களாக வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லா எஞ்சின்களும் தெரியும். கடைக்காரர் ஆறு கேன் என்றார். நான் மூன்று வாங்கியிருந்தேன்.

"போதுமா மாமா? கடைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடவா?"

"ஸ்டார்ட் பண்ணு மாப்ளே, நான் பாத்துக்கறேன்."

தீர்ந்துபோன ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கும் இனம் நாம். விருந்தாளி வந்துவிட்டால் சாம்பாரிலும் ஒரு சொம்பு. அந்தப் பரம்பரை ஞானத்தோடு மூன்று கேனையும் வாளியில் ஊற்றி, தோட்டக் குழாயைத் திறந்து மீதியை நிரப்பினேன். பின்பக்கம் ரோஸ்மில்க் நிறத்தில் வழிந்தது.

"பிங்க் வந்துடுச்சு மாமா!"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

ஏப்ரலில் அவன் டிப்ஸ்டிக்கை உருவியபோது எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தது. பிளந்த எஞ்சினில் தண்ணீர் கலந்திருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், நங்கூரமாக வேண்டுமானால் பயன்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மாமா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் அமையாது. எனக்கும் அது தெரிந்தது.

"அவசரப்பட்டு ஆஃப் பண்ணிட்டியோ என்னவோ" என்றேன்.

"இருக்கும் மாமா."

எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிற ஆள். விவாகரத்து வழக்கிலும் இப்படித்தான்.

அங்கேயே நின்று மகளுக்கு ஃபோன் செய்தான், ஸ்பீக்கரில்.

"கண்ணா, போட் போச்சுடா. அப்பாதான் தப்பு பண்ணிட்டேன். இந்த சாட்டர்டே மூவி போலாமா?"

"ஓ. தென் ஐ'ல் ஜஸ்ட் ஸ்டே ஹோம். இட்ஸ் ஓகே, அப்பா."

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அவளுக்கு ஹோம்வொர்க் நிறைய இருக்கு மாமா."

"இந்த ஊர் ஸ்கூல்ல ரொம்பத்தான் குடுக்கறாங்க" என்றேன்.