கீறாத கால்

அறுத்த வயலில் தண்ணீர் தெளித்த மண் மணந்தால், எங்கள் சேரிக்குக் கபடி சொல்லிக்கொடுத்த அந்தக் குட்டையான மனிதர் நினைவில் வந்து நிற்பார். விசில் ஊதமாட்டார், தொடையைத் தட்டித்தான் கூப்பிடுவார்.

கூலித் தகராறு நடந்த வருஷம். மிராசுதார் தெருவோடு கடைசி ஆட்டம். "பயப்படாம உள்ள ஏறிப் பாடுடா. நம்ம காலைத் தொட்டுப் பிடிக்க அவனுங்களுக்கு மனசு வராது" என்றார்.

அப்படியேதான் நடந்தது. கைகள் என் கணுக்கால்வரை நீண்டன, கூசிப் பின்வாங்கின. ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஜெயித்தோம்.

சேரியே என்னைத் தோளில் தூக்கியது. இறங்கியதும் அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. இருவருக்கும் முகம் தொங்கிப்போனது.

தன் ஊருக்குப் பஸ் ஏறும்போது அவர் சொன்னார்: "இத வெச்சு ஜெயிக்கச் சொன்னது என் தப்புடா. அடுத்த தடவை அவனுங்க பிடிக்கணும்டா. பிடிச்சும் நீ நடுக்கோட்டைத் தொடணும்."