பஞ்சாலையின் குலவை

மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பஞ்சாலை என்பவள் குலவை போட்டால்தான் மாரியம்மன் கரகம் கோயில் வாசலை விட்டு நகரும். சட்டம் ஒன்றும் இல்லை, இருபது வருடப் பழக்கம். பழக்கத்தை மீறிப் பாருங்கள், அப்போது தெரியும் சட்டம் எது என்று. அப்பேர்ப்பட்ட தொண்டைக்குக் கீழே ஒரு பாழாய்ப்போன நெஞ்சு இருந்ததுதான் வம்பு.

அவளுக்கு ஆறு வயதில் மணல்வாரி அம்மையோடு நிமோனியாவும் வந்து போனது. சளி இருமல் மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைக்கு நாலு வாரம் தாண்டியும் சளி இருமல் விடாவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? இருமல் மருந்துதான் பாட்டில் பாட்டிலாக இறங்கியது. கல்யாணமாகித் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது அடுத்த வீட்டு ராக்கம்மா, காசமாக இருக்குமோ என்று தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள். சோதித்துப் பார்த்துக் காசம் இல்லை என்று சொன்ன பிறகும் டம்ளர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பஞ்சாலை நாலு பேர் முன்னால் இருமுவதில்லை. சளி வந்தால் விழுங்கிவிடுவாள். லயத்தில் ஆட்கள் அவளை விட்டு விலகாமல், அவளைத் தேடி வருகிற ஒரே நேரம் குலவை நேரம்தான்.

போன வருடம், ஐம்பத்திரண்டாம் வயதில், சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகே நோய்க்குப் பெயர் கிடைத்தது. பிராங்கியெக்டேசிஸ். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிசியோதெரபி பெண் ஷாமினிதான் புரியவைத்தாள்.

"அக்கா, உங்க மூச்சுக்குழாய் சிலது விரிஞ்சு தொளதொளன்னு ஆயிருச்சு. சளி தானா ஏறி வராது. லோங்காங் சாக்கடைல தண்ணி தேங்குனா என்னா வரும்?"

"கொசு வரும்."

"அதான் லா. இங்க கிருமி வரும். விரிஞ்சது பழையபடி ஆவாது. ஆனா தினமும் சளிய வெளிய எடுத்துட்டா நல்லா இருக்கலாம். இருமல அடக்காதீங்க. சளி கூடுனா, நிறம் மாறுனா, காய்ச்சல் வந்தா உடனே வாங்க."

கையைக் குழித்து முதுகில் எப்படித் தட்டுவது என்று புருஷன் முருகையாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். முருகையா பகலில் லாரி ஓட்டுகிறவர், திருவிழாவில் உருமி அடிக்கிறவர். "தட்டணுமா? முப்பது வருசமா வேற என்னா செய்றேன்!" என்றார்.

பிறகென்ன, தினமும் காலையில் கச்சேரிதான். இடுப்புக்குத் தலையணை வைத்து அவள் ஒருக்களித்துப் படுப்பாள். அவர் தட்டுவார், அந்தக் கை தாளம் போடாமல் சும்மா இருக்குமா? பிறகு அவள் மூச்சை ஆழமாக இழுத்து, வாயைத் திறந்து 'ஹா'வென்று விடுவாள். சளி டப்பாவுக்கு வந்துவிடும். ஆறு மாதம் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. லயத்தில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தில்தான் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இந்த வருடம் திருவிழாவுக்கு இருவரும் காப்புக் கட்டினார்கள். ஒன்பது நாள் விரதம். காப்புக் கட்டிய புருஷன் பெண்டாட்டியைத் தொடக்கூடாது. முருகையா பக்தர். தட்டுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டார். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நாலாம் நாள் சளி பச்சையாக வந்தது. இரவு காய்ச்சல். குரல் அடைத்துக்கொண்டது. ஆத்தா குத்தம் என்று இருவரும் நடுங்கிப்போனார்கள். பஞ்சாலை அழுதே விட்டாள். விடிந்ததும் ஷாமினிக்குப் போன் போட்டார்கள்.

"ஆத்தா குத்தம் இல்ல, உங்க வீட்டுக்காரர் குத்தம்! இன்னைக்கே வாங்க" என்றாள் அவள்.

டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். திரும்பும் வழியில் முருகையா, பூசாரி மாயாண்டியிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"மருந்துக்குத் தொடறதெல்லாம் ஒரு தொடறதாடா? ஆத்தாவுக்குத் தெரியாதா? போய்த் தட்டு" என்றார் மாயாண்டி.

ஒன்பதாம் நாள். காய்ச்சல் போயிருந்தது, சளி போகவில்லை. கரகம் தலைக்கு ஏறியது. உருமி ஓய்ந்தது. தோட்டமே அவளைப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சளி தொண்டைக்கு வந்து நின்றது. விழுங்கினால் குலவை பாதியில் உடையும். இருமினால் இத்தனை பேரும் பார்ப்பார்கள்.

உருமியில் முருகையாவின் விரல்கள் மெல்லத் தட்டின. அது காலைத் தாளம். பஞ்சாலை திரும்பி நின்று மூச்சை இழுத்தாள். ஹா. ஹா. இருமினாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வர, வந்ததைக் காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது எதிரே ஒரு டம்ளர் தண்ணீர். ராக்கம்மாவுடையது, அதே டம்ளர். பஞ்சாலை வாங்கி, எச்சில் படாமல் தூக்கி ஊற்றப் போனாள்.

"வாய வச்சே குடிடி. கரகம் நிக்குதுல்ல" என்றாள் ராக்கம்மா.

வாய் வைத்துக் குடித்தாள். பிறகு குலவை போட்டாள். கரகம் நகர்ந்தது.