அரைத் தாங்கித் தண்ணீர்

தோள்மூட்டு வரை கையை உள்ளே விட்டு, கன்னத்தைத் தண்ணீர்த் தாங்கியின் வாயில் அழுத்திக்கொண்டு, ஸ்ரனிஸ்லஸ் அதன் அடியைத் தேங்காய்த் தும்பால் தேய்க்கிறார். முகம் ஒரு பக்கமாக நசுங்கிக் கிடக்கிறது. வாய் மட்டும் ஓயவில்லை. "போன கிழமைதானே உரஞ்சினனான். பிறகும் வழுக்கிறாய், சனியன்." சவுக்காரம் போடமாட்டார், பிளீச்சிங் பவுடரும் தும்பும்தான். கழுவி முடித்ததும் கையை முகர்ந்து பார்ப்பார். பாசி மணம் வந்தால் மறுபடியும் தும்பு. ஒரு நூல் பாசி போதும், தண்ணீர் அடிக்கிற குழாயின் மூக்கு அடைத்துக்கொள்ளும். அன்றைய உழைப்புப் போச்சு.

நெல் வெட்டு மெசினும் உழவு மெசினும் நிற்கிற வளவுகளுக்கே போய்ச் சேறு கழுவிக் கொடுப்பது அவருடைய தொழில். புதுக்குடியிருப்பில் வீடு. ஆவணி வெயிலில் மற்றவன் கிணற்றில் வாளி தரை தட்டும்போது, மெசின் கழுவத் தண்ணீர் தா என்று கேட்க முடியுமா? அதனால் அவர் ஓட்டுகிற வான் வண்டியிலேயே தண்ணீரும் போகும்.

ஊரில் அவரை நல்ல தொழில்காரன் என்பார்கள். தண்ணீர் கொடாத மனிதன் என்றும் சொல்வார்கள். வழியில் யாராவது குடத்தோடு மறித்தால், "ஒரு தாங்கி முழுக்க எடுக்கிறியளோ? இல்லாட்டி விடுங்கோ" என்பார். கேட்டவர் முதலில் பகிடி என்று சிரிப்பார். பிறகு ஏசுவார்.

பகிடி இல்லை. சில வருடங்களுக்கு முந்தி வானில் ஒரே ஒரு பெரிய தாங்கிதான் இருந்தது. புளியங்குளம் போகிற வழியில் ஒரு செத்தவீடு. வந்த சனத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று மறித்தார்கள். பாதியைக் கொடுத்தார். அன்று கூட வந்தவன் மனைவி மார்கிறட்டின் தம்பி யாக்கோப்பு. முல்லைத்தீவுக் கடலில் வள்ளம் ஓட்டினவன்.

"அத்தான், மிச்சத்தைத் திறந்து விடுங்கோ. வள்ளத்துக்க அரைவாசித் தண்ணி நிண்டா அது அங்கையும் இங்கையும் ஓடி வள்ளத்தையே பிரட்டிப்போடும்."

"இது கடலே மச்சான்? தார் றோட்டு. இந்த வெயிலுக்க தண்ணியை நிலத்தில ஊத்தச் சொல்லுறாய், விசரா!"

வாய்க்கால் வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஒடித்துத் திருப்பினார். வான் நிமிரத்தான் பார்த்தது. உள்ளே ஓடின தண்ணீர் விடவில்லை. மறுபக்கச் சுவரில் மோதி வானையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. ஸ்ரனிஸ்லஸுக்கு நெற்றியில் ஒரு கீறல். யாக்கோப்புக்கு இடுப்பு எலும்பு முறிவு. அதற்குப் பிறகு அவன் வள்ளம் ஏறவில்லை.

யாக்கோப்பு இன்றுவரை ஒரு சொல் குத்திக் காட்டியதில்லை. அதுதான் இந்த மனிதனைத் தின்கிறது. "ஏசினாலும் பரவாயில்லை. சாப்பிட்டியளோ அத்தான் எண்டெல்லோ கேக்கிறான்" என்று குசினி வாசலில் நின்று புறுபுறுப்பார். "அப்ப அவனுக்குப் பதிலா நான் ஏசட்டே?" என்பார் மார்கிறட்.

புதுத் தாங்கி வாங்கக் கிளிநொச்சிக் கடைக்குப் போனபோது, வரிசையாக நின்ற தாங்கிகளின் வாய்க்குள் தலையை விட்டு விட்டுப் பார்த்தார். சுவரால் வெளிச்சம் தெரிந்தால் பாசி பிடிக்கும். கடையில் நின்ற தேனுகா என்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, அதுக்குள்ள குடியிருக்கப் போறியளோ?" என்றாள். "உள்ளுக்கு மறிப்பு வச்சது இருக்கோ பிள்ளை? தண்ணி ஓடாமல்?" அப்படி ஒன்று அங்கே இல்லை. ஒடுங்கலான நாலு சின்னத் தாங்கிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். ஒன்றைத் திறந்தால் அதை முடிக்காமல் வானை எடுக்கமாட்டார். தேய்க்கிற வேலையும் நாலு மடங்காயிற்று. "என்ர கைதானே நோகுது" என்பார்.

போன கிழமை யாக்கோப்பு, "வீட்டில குந்தியிருந்து அலுத்துப்போச்சு, நானும் வாறன்" என்று ஊன்றுதடியோடு வானின் முன்பக்கம் ஏறிவிட்டான். வான் சரிந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல ஸ்ரனிஸ்லஸுக்கு வாய் வரவில்லை. "அத்தான், சைக்கிளெல்லாம் எங்களை முந்துது" என்று அவன் சொல்லும் அளவுக்கு ஊர்ந்தார்.

தர்மபுரத்தில் கமலாசனி என்றொரு பெண், இடுப்பில் குழந்தையோடு வழி மறித்தாள். கிணறு வற்றிவிட்டதாம். இரண்டு வாளி போதுமாம். ஸ்ரனிஸ்லஸ் வாயைத் திறக்க முந்தி யாக்கோப்பு, "குடுங்கோ அத்தான். பிள்ளைக்காரி" என்றான். அவன் சொல்லை இன்னொரு முறை தட்ட அவரால் முடியுமா? இறங்கினார்.

இரண்டு வாளி நிறைந்தது. "காணும் அண்ணை, பெரிய உபகாரம்" என்றாள்.

"காணாது. வீட்டில கிடக்கிற ஏனமெல்லாம் கொண்டுவாங்கோ."

குடம், அண்டா, கேத்தில் வரைக்கும் வந்து நிறைந்தன. அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை. தாங்கியில் அரைவாசி மிச்சம். ஸ்ரனிஸ்லஸ் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் புழுதியில் விழுந்து ஓடியது.

"ஐயோ, என்ன மனிசனப்பா நீங்கள்! ஊரே தண்ணிக்கு அலையுது, நிலத்தில ஊத்திறியள்!" கமலாசனி தலையில் கை வைத்தாள்.

குழாய் சொட்டி நின்றது. ஸ்ரனிஸ்லஸ் வானில் ஏறி, அந்தத் தாங்கியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து உலுக்கி, காதை வைத்துக் கேட்டார்.

"ஒண்டுமில்லை அத்தான். வாங்கோ" என்றான் யாக்கோப்பு.

அவர் இன்னொரு முறை உலுக்கினார்.