வாசப்படியில் அடித்த லாடம்

ஐம்பதுகளில் பெங்களூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். என் கை அழகான கை. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் ஜட்காக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய பெண்குதிரையோடு வந்தார். அதன் வலது முன்காலில் இருந்த லாடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பாதியில் மட்டும் பக்கத்துக்கு மூன்று ஆணி. பின்னால் ஒன்றுகூட இல்லை.

"எவனோ சோம்பேறி அடிச்சிருக்காண்ணே. பாதியில டீ குடிக்கப் போயிட்டான் போல."

குளம்பை அராவி, வட்டமான என் லாடத்துக்கு அடக்கி, குதிகால் வரைக்கும் எட்டு ஆணி இறக்கினேன். குதிரை போட்டுத் தேய்ந்த லாடத்தை வாசப்படியில் அடித்தால் கண் படாது என்பார்கள். பக்கத்து ஒக்கலிபுரத்து அம்மா ஒருவர் ஒன்று கேட்டு வைத்திருந்தார். கழற்றியதை அன்றே அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் குதிரை நொண்டிக்கொண்டு வந்தது.

"நாளைக்குக் காலையில லைசென்ஸுக்கு இன்ஸ்பெக்ஷன். நொண்டுற குதிரைக்குக் குடுப்பாங்களா? வண்டி நின்னா நான் என்னப்பா பண்றது?" என்றார் ஜட்காக்காரர்.

"நோவு கால்ல இருக்கும்ணே, லாடத்துல இருக்காது."

"உன்கிட்ட வர்றப்போ நாலு கால்ல வந்துச்சு. மூணு கால்ல அனுப்பி வச்சிருக்கே."

கால் எப்படித் தரையில் பதிகிறது என்பதைப் பழைய லாடத்தின் தேய்மானம்தான் சொல்லும். அதைப் பார்க்காமலே தானம் செய்திருந்தேன். ஒக்கலிபுரத்துக்கு ஓடினேன்.

லாடம் மஞ்சள் குங்குமத்தோடு வாசப்படியில் ஜம்மென்று இருந்தது.

"கழட்டக் கூடாது, பூஜை பண்ணியாச்சு" என்றார் அந்த அம்மா.

"கழட்டலம்மா. பார்த்துட்டுப் போயிடறேன்."

குப்புறப் படுத்து, லாடத்தின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். தெருவில் போன ஒருவர் நின்றார்.

"என்ன சார், வாசப்படிக்கு நமஸ்காரமா?"

"வேண்டுதல்" என்றேன். பொய் இல்லை.

காகிதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. லாடத்தின் வெளிப்பக்க முன்முனை மட்டும் தேய்ந்திருந்தது. குதிரை அந்தப் பக்கமாகத்தான் காலைத் தூக்குகிறது. பின்பக்கம் தாராளமாக அகன்றிருந்தது. எடை விழும்போது குதிகால் கொஞ்சம் விரியும். காலைத் தூக்கினால் சுருங்கும். அந்தச் சோம்பேறி அதற்கு இடம் விட்டிருந்தான். நான் ஆணி அடித்துப் பூட்டியிருந்தேன்.

திரும்பி வந்ததும் நான் அடித்த லாடத்தைப் பிடுங்கினேன். புது இரும்பைக் காய்ச்சி, குளம்பு போன வளைவிலேயே வளைத்து, வெளி முனையைச் சற்று உருட்டி, பின்பக்கத்தை அகல விட்டு, முன்பாதியில் ஆறு ஆணியோடு நிறுத்தினேன். ஏழாவதை எடுக்கப் போன கையை நானே தட்டிவிட்டேன். குதிரை நாலு அடி வைத்தது. நொண்டும்போது ஆடும் தலை இப்போது ஆடவில்லை.

காலையில் அதிகாரி குதிரையை நடக்கவிட்டார், ஓடவிட்டார், காலைத் தூக்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஜட்காக்காரர் நேராக என்னிடம் வந்து, மூலையில் கிடந்த என் வட்ட லாடத்தை எடுத்துக்கொண்டார்.

"இது எதுக்குண்ணே?"

"எங்க வீட்டு வாசப்படிக்கு. அது எங்கேயும் நடந்து போவாதே."